சறுக்கியது யாருக்கு?

'நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு' என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. வேலைக்கு வளையாதவன் ஏதேனும் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்வான் என்பது அதன் பொருள். பழமொழிகளைக் குறைசொல்வது எளிது. அவை திரும்பப் பேசுவதில்லை. எனினும் இந்த ஒன்றைக் குறித்து எங்களுக்குச் சில ஆண்டுகளாகவே மனத்தாங்கல் உண்டு. குதிரை சாக்குச் சொல்வதில்லை. அது நொண்டத் தொடங்கியதும் 'சறுக்கிவிட்டது' என்று சொல்பவர்கள் மனிதர்கள். அந்த ஒரு சொல்லோடு எல்லோருடைய பொறுப்பும் முடிந்துவிடுகிறது: ஓட்டியவருக்கு, லாடம் அடித்தவருக்கு, ஏறி உட்கார்ந்து வந்தவருக்கு.

இலக்கியம் பேசுகிறவர்களுக்குக் குதிரைக் குளம்பில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்களுக்கும் 2013 வரை வேலை இருக்கவில்லை. அவ்வாண்டு நண்பர்கள் நால்வர் பழனிக்குப் போயிருந்தோம். அடிவாரம் செல்ல ஜட்கா ஒன்றைப் பிடித்தோம். செம்பழுப்பு நிறப் பெண்குதிரை, நெற்றியில் வெண்சுட்டி. ஓடும்போது அது தலையைத் தூக்கித் தூக்கித் தாழ்த்தியது. ஒவ்வொரு நான்கு அடிக்கும் ஒருமுறை, தவறாத ஓர் ஒழுங்கில். எங்களில் கவிதை எழுதுபவர் ஒருவர் அதைப் பார்த்துப் பரவசப்பட்டார். குதிரை தாளம் போடுகிறது என்றார். நாங்களும் ஆமோதித்தோம். ஒருவர் தொடையில் தட்டிக்கூடப் பார்த்தார்.

அது தாளம் அன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். முன்காலில் வலியுள்ள குதிரை, அந்தக் கால் நிலத்தில் படும் கணத்தில் தலையை மேலே தூக்கும். உடலின் பாரத்தை அந்தக் காலிலிருந்து விலக்கிக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அதுவே. நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். குதிரை மருத்துவம் படிப்பவர்களுக்கு இது அரிச்சுவடிப் பாடம். கவிஞரைக் குறைசொல்ல எங்களுக்கு உரிமையில்லை. நான்கு பேர் கண்ணும் அதையே பார்த்தது; நான்கு பேருக்கும் அது அழகாகவே தெரிந்தது.

மாலையில் அதே வண்டி நிறுத்தத்துக்குத் திரும்பியபோது குதிரை அவிழ்க்கப்பட்டு நின்றது. இடது முன்காலின் நுனியை மட்டும் நிலத்தில் தொட்டுக்கொண்டு, குதிகாலைத் தூக்கி வைத்திருந்தது. காலையில் எங்களைச் சுமந்த வண்டிக்காரர், முந்தைய நாள் இரவு தார்ச்சாலையில் சறுக்கிவிட்டது என்றார். தோள்பட்டையில் பிசகு என்றார் இன்னொருவர். வலி தெரியாமல் இருக்க ஒருவர் ஊசி போடுவார், அவர் வந்துகொண்டிருக்கிறார், இரவுச் சவாரிக்குக் குதிரை தயாராகிவிடும் என்றார்கள். அப்போது அங்கிருந்த மூத்த வண்டிக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி இன்றுவரை எங்கள் காதில் இருக்கிறது. "லாடம் என்னைக்கு அடிச்சே?"

நான்கு நாட்கள் ஆகியிருந்தன. வழக்கமாக அடிக்கும் பாய் ஊரில் இல்லாததால், அவரிடம் தொழில் பழகும் இளைஞர் அடித்திருந்தார்.

லாடம் அடித்த குதிரை திடீரென்று நொண்டினால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். தோளைப் பார்ப்பதற்கும் முழங்காலைத் தடவுவதற்கும் முன்னால் குளம்பைப் பார்க்கவேண்டும். குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்கால்களில் தாங்குகிறது. முன்கால் நொண்டலுக்குப் பெரும்பாலும் காரணம் குளம்புக்குள்ளேயே இருக்கும். மேலே பிசகு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் நாட்களில் கீழே சீழ் வழிதேடிக்கொண்டிருக்கும்.

குளம்பு என்பது பெரியதொரு நகம். அதன் புறச்சுவரில் உணர்வில்லை, ஆணி தாங்கும். உள்ளே எலும்பைச் சூழ்ந்திருக்கும் சதைப்படலத்தில் இரத்தமும் நரம்பும் நிறைந்திருக்கின்றன. குளம்பைத் திருப்பி அடிப்புறம் பார்த்தால், சுவரும் அடித்தளமும் சேருமிடத்தில் வெளிறிய கோடு ஒன்று ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு உள்ளே போகக்கூடாது. கோட்டின் வெளிவிளிம்பை ஒட்டி ஏறி, சுவரின் வழியாகவே சென்று, பக்கவாட்டில் வெளியே வரவேண்டும். இதற்காகவே லாட ஆணியின் நுனியை ஒருபுறம் சரிவாகச் சீவியிருப்பார்கள். சரிவு உட்பக்கம் நோக்கியிருந்தால் ஆணி வளைந்து வெளியேறும். திருப்பிப் பிடித்து அடித்தால் உயிர்ச்சதைக்குள் போகும். பத்தோ பதினைந்தோ மில்லிமீட்டர்ச் சுவரில் நடக்கிற வேலை இது.

ஆணி நேரே சதையில் ஏறிவிட்டால் குதிரை அப்போதே காலை உதறும். சிலவேளை இரத்தமும் கசியும். அதை யாரும் கவனித்துவிடலாம். கவனிக்கத் தவறுவது இன்னொன்றை. ஆணி சதையைத் துளைக்காமல், அதன் அருகே சென்று அழுத்திக்கொண்டு நிற்பது. அன்று குதிரை நன்றாகவே நடக்கும். ஒருநாள், இரண்டுநாள் கழித்து நொண்டத் தொடங்கும். ஆணிப்பொறை வழியாக அழுக்கு ஏறிச் சீழ் பிடித்தால் இன்னும் சில நாட்கள் கழித்து, திடீரென்று ஒரு காலையில், காலை நிலத்தில் வைக்கவே மறுக்கும். முறிந்துவிட்டதோ என்று அஞ்சும் அளவுக்கு அந்த வலி இருக்கும். உடம்பில் வேறெங்கும் சீழ் பிடித்தால் அவ்விடம் வீங்க இடமுண்டு. குளம்புக்குள் அது முடியாது. நகத்தடியில் சிலாம்பு ஏறிச் சீழ்பிடித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த விரலின் மேல் ஒரு குவிண்டால் எடையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று இரவு ஏழு மணிக்குப் பாய் வந்தார். எழுபது வயதிருக்கும். ஊசிக்காரரும் வந்திருந்தார், பெரியவர் அவரைக் காத்திருக்கச் சொன்னார். பாய் முதலில் புறங்கையைக் குளம்பின் மேல் வைத்தார். பிறகு மற்றக் குளம்பின் மேல். சூடு வேறுபடுகிறதா என்று பார்க்கிறார் என்பதை ஊகித்தோம். கணுக்காலின் பின்பக்கம் இரு விரல்களை வைத்து நாடி பார்த்தார். நலமான குதிரையில் அவ்விடத்து நாடி தேடினாலும் எளிதில் அகப்படாது. குளம்புக்குள் அழற்சி இருந்தால் துள்ளும். பிறகு சிறு சுத்தியலால் ஒவ்வோர் ஆணியின் தலையையும் மெல்லத் தட்டினார். வெளிப்புறத்து ஆணிகளுக்குக் குதிரை அசையவில்லை. உட்புறத்தில் மூன்றாவது ஆணியைத் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டது. பாய் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, மீண்டும் முதல் ஆணியிலிருந்து தட்டினார். மூன்றாவதில் மீண்டும் இழுத்தது.

"சறுக்கலப்பா. ஆணி நெருங்கியிருக்கு."

லாடத்தை அவர் கழற்றிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குறட்டைக் கொடுத்து நெம்பி மொத்தமாகப் பிடுங்குவது விரைவான வழி. அவர் அதைச் செய்யவில்லை. சுவரில் மடக்கிவிட்டிருந்த ஆணிமுனைகளை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, ஆணிகளை ஒவ்வொன்றாக நேராக உருவினார். ஒவ்வொன்றையும் விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், தரையில் வரிசையாக வைத்தார். காய்ந்த, சுத்தமான ஆணிகள் ஐந்து. மூன்றாவது கறுத்து நனைந்திருந்தது. அதன் நாற்றம் எங்களுக்கே எட்டியது. மொத்தமாகப் பிடுங்கியிருந்தால் எந்த ஆணி குற்றவாளி என்பது தெரியாமலே போயிருக்கும். வலியுள்ள காலில் நெம்புவதால் குதிரைக்கும் கூடுதல் துன்பம். பிறகு வளைந்த கத்தியால் அந்தப் பொறையை மட்டும் சிறிதே அகலப்படுத்தினார். சாம்பல் நிறத்தில் நீர்த்த சீழ் ஒரு பீய்ச்சாக வந்தது. குதிரை நீண்ட பெருமூச்சு விட்டது. இது எங்கள் கற்பனையாகவும் இருக்கலாம். காலையில் நாங்கள் எப்படிப்பட்ட கற்பனைகளில் இருந்தோம் என்பதைத்தான் சொன்னோமே.

அடுத்து உப்பிட்ட வெந்நீரில் குளம்பை ஊறவைத்து, பஞ்சு வைத்து, மேலே சாக்குத்துணியால் கட்டினார். மறுநாள் காலையில் அரசு கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் இரணஜன்னித் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அவர் படித்தவரல்லர்; ஆனால் மிக முக்கியமான விஷயத்தைச் சொன்னார். இரணஜன்னிக்கு எளிதில் இரையாகும் விலங்குகளில் குதிரை முதன்மையானது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் அந்தக் கிருமிக்குக் காற்றுப் புகாத ஆழமான ஆணித்துளை உகந்த இடம்.

எல்லாத் திடீர் நொண்டலும் லாட ஆணியால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். கல் குத்தி அடித்தளம் கன்றியிருக்கலாம். லாடம் நகர்ந்து அதன் விளிம்பையே குதிரை மிதித்திருக்கலாம். தெருவில் கிடந்த ஆணி ஏறியிருக்கலாம். குளம்பின் நடுவிலுள்ள முக்கோண மென்பகுதியில் அப்படி ஏறியிருந்தால், மருத்துவர் வரும்வரை அதைப் பிடுங்காமல் இன்னும் ஆழமாக இறங்காதபடி காப்பதே நல்லது. எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்க்க அந்த ஆணியே சாட்சி. இரு முன்கால்களிலும் சூடேறி, குதிரை பின்னங்கால்களில் சாய்ந்து நின்றால் அது குளம்புச் சதைப்படல அழற்சி; முற்றிலும் வேறு நோய், வேறு ஆபத்து. எலும்பு முறிவும் இதே முகத்தோடு வரும். ஆகவே லாடக்காரர் இருந்தால் மருத்துவர் வேண்டாம் என்பது எங்கள் வாதமன்று. லாடம் அடித்து இரண்டு வாரத்துக்குள் வரும் நொண்டலில் அந்த லாடத்தைக் கழற்றிப் பாராமல் வலிமருந்து ஊசியைத் தேடுவது கண்ணை மூடிக்கொள்வதற்குச் சமம் என்பதே எங்கள் வாதம். ஊசி வலியை அடக்கும். வலி அடங்கிய குதிரை அதே ஆணியின் மேல் ஊன்றி ஓடும். சீழ் வெளியேற வழியின்றிச் சுவரின் உட்புறமாகவே மேலேறி, குளம்பும் மயிரும் சேரும் விளிம்பில் உடைத்துக்கொண்டு வரும்.

இந்தக் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் நமக்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ குதிரை வாணிபத்தைப் பற்றி எழுதியிருப்பது எல்லோரும் அறிந்ததே. அரசர் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் அவர். அவர் கூறும் காரணங்களுள் ஒன்று எங்களை நிறுத்தியது. அந்நாட்டில் லாடமடித்துக் குதிரைக்கு வைத்தியம் பார்ப்போர் இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் அத்தகையோரைத் தாங்களும் அழைத்து வருவதில்லை, பிறர் போகவும் விடுவதில்லை. குதிரைகள் செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கமுடியும்! பயணிகளின் எண்ணிக்கைகளை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் ஆண்டுக்குப் 10,000 குதிரைகள், ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் என்று கணக்குத் தருகிறார். பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கத் தெரிந்த நாட்டுக்கு அதன் காலடியைப் பார்க்க ஆள் வைக்கத் தெரியவில்லை. அரசன் பணத்தில் வாங்கிய பரிகள் ஓரிரவில் நரிகளாக மாறி ஓடிய கதை மதுரையில் நிலைத்ததற்கு, இலாயத்தில் காலையில் குதிரையைக் காணாத அனுபவமும் ஒரு காரணமாக இருக்குமோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. (இது ஆய்வன்று, வெறும் தோற்றம்.)

இலக்கியமும் அந்த அரசர்களைப் போலவே நடந்துகொண்டிருக்கிறது. கடல்வழி வந்த புரவிகளைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. புரவி, பரி, இவுளி, கலிமா என்று பெயர்களுக்குக் குறைவில்லை. அவற்றின் விரைவைச் சொல்ல உவமைகளுக்கும் குறைவில்லை. நின்றுபோன குதிரையின் காலைத் தூக்கிப் பார்க்கும் கை மிக அரிதாகவே வருகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் மூன்றாம் பாகத்தில் 'கொல்லுப்பட்டறை' என்றே ஓர் அத்தியாயம் உண்டு. குதிரையின் காலுக்காக வந்தியத்தேவன் கொல்லனைத் தேடிப் போகிறான். ஆனால் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த அத்தியாயத்தில் நினைவிருப்பது உலையில் கிடந்த வாள்தான். எங்களுக்கும் வாள்தான் நினைவிருந்தது, பழனிக்குப் போய்வரும் வரை. பேச்சுவழக்கிலோ 'லாடம் கட்டிவிடுவேன்' என்றால் அடித்து நொறுக்குவேன் என்று பொருள். குதிரையின் காலைக் காக்க வந்த பொருள் காவல்நிலையத்து அச்சுறுத்தலாகிவிட்டது.

இனி எங்களுக்கு உண்மையில் உறுத்தலாக உள்ள இடத்துக்கு வருகிறோம். வண்டிக்காரர் கொடியவரல்லர். பாய் சொன்ன சிகிச்சையில் மிகக் கடினமான பகுதி வெந்நீரோ ஊசியோ அன்று. பத்து நாள் ஓய்வு. பத்து நாள் குதிரை நின்றால் பத்து நாள் வருமானமில்லை. தீவனச் செலவு மட்டும் நிற்காது. வலிமருந்து ஊசிக்கு ஆள் தேடியது கல்மனத்தால் அன்று, அந்தக் கணக்கால். நோயுற்ற, காயம்பட்ட விலங்கை வேலைவாங்குவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தின் கண் ஓட்டுபவரையும் உடையவரையும் பார்க்கிறது. வண்டியில் அமர்ந்து தொடையில் தாளம் போட்ட நால்வரைப் பார்ப்பதில்லை.

லாடத்தையே ஒழித்துவிடலாம், குதிரை வெறுங்காலில் நடக்கட்டும் என்று சொல்வோர் உலகெங்கும் பெருகியிருக்கிறார்கள். புல்வெளியில் நிற்கும் குதிரைக்கு அது பொருந்தலாம். நாள் முழுதும் தார்ச்சாலையில் பாரம் இழுக்கும் குதிரையின் குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தேய்வு அதைவிட விரைவு. எனவே அதை இங்கே தீர்வென்று எங்களால் ஏற்கமுடியவில்லை. குதிரையைச் சாலையில் விட்டுவைத்திருக்கும் வரை லாடமும் இருக்கும். லாடம் இருக்கும்வரை அதை அடிக்கத் தெரிந்தவர் வேண்டும். பிரிட்டனில் பதிவுபெறாத ஒருவர் குதிரைக்கு லாடம் அடிப்பதை 1975ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் பயின்றவருக்கே அந்த உரிமை. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. மருத்துவர்களை உருவாக்கும் மரபு நமக்கு நூறாண்டு கடந்தது. லாடக்காரரோ தகப்பனிடமோ, பாய் போன்ற ஒருவரிடமோ கண்டு பழகிக்கொள்ளவேண்டியவராகவே இருக்கிறார். பழனி, உதகை, கொடைக்கானல், மெரினா என்று குதிரையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் இடங்கள் நம்மிடம் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவ்விடங்களில் மாதமிருமுறை ஒரு கால்நடை மருத்துவரும் ஒரு தேர்ந்த லாடக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து, இளைஞர் சிலருக்குக் குளம்பைக் கையில் கொடுத்துக் கற்பிப்பது பெரும் செலவன்று. நொண்டிய குதிரைக்கு ஓய்வுநாட்களில் தீவனத்தொகை கொடுக்கவும் ஒரு சிறு நிதி வேண்டும். அது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் உபதேசம். சவாரிக் கட்டணத்தில் சில ரூபாய் கூட்டி வாங்கினால் போதும் என்று எண்ணுகிறோம். தாளம் போட்டவர்கள் தரட்டும்.

மறுநாள் காலையில் பேருந்து ஏறும் முன் நிறுத்தத்துக்குப் போனோம். கட்டுப்போட்ட காலைக் குதிரை முழுதாக ஊன்றி நின்றது. வண்டிக்காரர் அதை மெல்ல நடத்தி மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களால் இயன்ற ஒரு தொகையை அவர் கையில் வைத்தோம். அவர் எண்ணிப்பார்க்கவில்லை, மறுக்கவும் இல்லை. பாய் தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். கவிஞர் அவரிடம் போய், அந்த மூன்றாவது ஆணியைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார். பாய் அதைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"இல்ல தம்பி. அடிச்ச பையன்கிட்டக் காட்டணும்."

நேற்றிரவே அவனை வரச்சொல்லி ஆளனுப்பியிருப்பதாகச் சொன்னார்.